அடுகோடியில் ஸ்டியரிங் பைப் மாற்றினோம்

1

செய்யாற்றில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் முதலில் சிரிப்பீர்கள். கடல் தாண்டிப் போனவன் எழுதலாம், பனி கொட்டுகிற ஊரில் இருப்பவன் எழுதலாம், ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்து சேர்கிற பெங்களூரில் இருப்பவனெல்லாம் புலம்பெயர்ந்தவனா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் "எப்ப வந்த? எப்ப கெளம்புற?" என்று ஒரே மூச்சில் என்னை விசாரிப்பவர்களும் நீங்கள்தான். எவனைப் பார்த்து அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தோன்றுகிறதோ அவன் ஊரை விட்டுப் போனவன்தான். தூரம் எவ்வளவு என்பது பஸ்காரனுக்கு மட்டும் வேண்டிய கணக்கு.

இந்த ஆவணியோடு நான் இங்கே வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. கைக்குழந்தையோடும் மனைவியோடும் வந்தேன். ஒரு மருந்துக் கம்பெனியின் குடோனில் சரக்கு பார்த்தேன், ஓய்வு பெற்றேன், மர்பி டவுனில் அதே மாடி வீட்டில் இன்னும் வாடகைக்கு இருக்கிறேன். மனைவி சரோஜா போய்ச் சேர்ந்துவிட்டாள். கைக்குழந்தையாக வந்த கயல்விழி இப்போது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வெள்ளிவிழாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வருவதென்னவோ எங்கள் காரின் பவர் ஸ்டியரிங் பைப் வெடித்த சங்கதிதான்.

2

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சரோஜாவின் அண்ணன் வேலூரில் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார். அவர் புதிது எடுத்தபோது இதை எங்களுக்குத் தள்ளிவிட்டார். வெள்ளி நிறம், இப்போது பல இடங்களில் வெள்ளியும் இல்லை, நிறமும் இல்லை. நம்பர் தமிழ்நாட்டு நம்பர். அதைக் கர்நாடக நம்பராக மாற்ற நான் அலைந்த அலைச்சலைத் தனியாக எழுத வேண்டும். இங்கே போனால் அங்கிருந்து ஆட்சேபம் இல்லை என்று வாங்கி வா என்றார்கள். அங்கே போனால் சொந்தக்காரர் நேரில் வரவேண்டும் என்றார்கள். சொந்தக்காரர் மைத்துனர், அவருக்கு லீவு கிடைக்காது. அவருக்கு லீவு கிடைத்த அன்று அங்கே ஆபீசுக்கு லீவு. கடைசியில் நானே எனக்கு லீவு விட்டுக்கொண்டேன்.

அதனால் ஓசூர் ரோட்டில் எந்தப் போலீஸ்காரர் கையை நீட்டினாலும் அது எனக்காகத்தான் இருக்கும். நான் கண்ணாடியை இறக்கிக் கன்னடத்தில் ஆரம்பிப்பேன். என் கன்னடம் நல்ல கன்னடம் என்று கீழ்வீட்டு ரத்னம்மா சொல்வார். வீட்டுக்காரம்மா, வாடகைக்காரனிடம் மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க தமிழ்லயே பேசுங்க, எனக்குப் புரியும்" என்பார். இருபத்தைந்து வருட உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

காவிரித் தகராறு வருகிற வருடங்களில் ரத்னம்மாவின் மகன் நான் கேட்காமலே வந்து பின்கண்ணாடியில் கன்னடர்களின் மஞ்சள் சிவப்புக் கொடியை ஒட்டிவிட்டுப் போவான். நாங்களும் ஊருக்கு வரும்போது எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் ஓரமாக நிறுத்தி அதைச் சுரண்டி எடுப்போம். சுரண்டுவது சரோஜாவின் வேலை. "அங்கயும் மறைக்கணும் இங்கயும் மறைக்கணும், நம்மளது எந்த ஊர்தாங்க?" என்று நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

3

இனி சொல்லப்போவது என் மகளுக்கு அப்போது தெரியாத விஷயம்.

போன வருடம் கயல் கம்பெனி வேலையாகச் சில மாதம் புனேயில் இருந்தாள். அந்தச் சமயத்தில் ஒரு காலை குளித்துவிட்டுத் துண்டை எடுக்கப் போனேன். இடது கை துண்டு வரைக்கும் போனது, பிடிக்கவில்லை. வாளி உருண்ட சத்தம் கேட்டு ரத்னம்மா மேலே வந்து, மகனின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூளையில் சின்ன அடைப்பு, சீக்கிரம் வந்ததால் தப்பித்தீர்கள் என்றார்கள். பேச்சு சரியாக இருந்தது, நடை சரியாகிவிட்டது. இடது கை மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. தோளும் முழங்கையும் சொன்னபடி கேட்கும். விரல்கள் கேட்காது. ஒரு டம்ளரைச் சுற்றி வளையும், ஆனால் டம்ளர் நிற்காது.

கயலுக்குப் போனில் பி.பி. மயக்கம் என்று சொன்னேன். ரத்னம்மா பக்கத்தில் நின்று, "மகளிகெ ஹேளி அண்ணா" என்றார். மகளிடம் சொல்லிவிடுங்கள் என்கிறார். அப்புறம் சொல்லலாம் என்றேன். அப்புறம் அவளுக்கு அதே கம்பெனியில் அயர்லாந்தில் வேலை கிடைத்துவிட்டது. போனில் அவள் அன்று சிரித்த சிரிப்பைச் சரோஜா இருந்த காலத்துக்குப் பிறகு நான் கேட்டதில்லை. இனி யார் சொல்வது?

எனக்கு ஒரு அண்ணன் உண்டு, உங்களில் பலருக்குத் தெரியும். நான் பெங்களூர் கிளம்பிய அதே வருடம் அவனுக்கு அபுதாபி விசா வந்திருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒருவர்தான் போகலாம் என்ற நிலையில் அண்ணன் நின்றுவிட்டான். அப்பா அதன் பிறகு பல வருடம் கட்டிலில் இருந்தார். அண்ணன் உரக்கடையில் எடுபிடி வேலை பார்த்து, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, தலை நரைத்து, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே குத்துவான். "நீ போனவன்டா. ஒனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும்" என்பான். அவன் குத்தலில் நியாயம் இருந்தது. கயல் இன்னொரு அண்ணனாக ஆகிவிடக் கூடாது என்பது மட்டும் எனக்குள் தெளிவாக இருந்தது.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி கார். புனேயிலிருந்து அவள் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். ஒரு மனிதன் பெங்களூர் டிராபிக்கில் கார் ஓட்டுகிறான் என்றால் அவனுக்கு என்ன குறை என்று யாருக்குச் சந்தேகம் வரும்? கியர் இடது கைப் பக்கம்தான். ஆனால் கியருக்கு விரல் தேவையில்லை, உள்ளங்கையால் முன்னே தள்ளலாம், மணிக்கட்டால் பின்னே இழுக்கலாம். ஸ்டியரிங்கை வலது கை பார்த்துக்கொள்ளும். பவர் ஸ்டியரிங் என்று ஒன்றைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, ஒற்றைக் கையால் தொட்டாலே போதும், எண்ணெயின் அழுத்தம் சக்கரத்தைத் திருப்பிவிடும்.

இது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெருவில் குழந்தைகள் தெரிந்தாலே பிரேக்கில் காலை வைத்துவிடுவேன். அவள் விமானம் ஏறுகிற வரைக்கும், அதன் பிறகு சாவியைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

அந்த ஞாயிறு பெரிய பெட்டி ஒன்று வாங்கக் கோரமங்களா பக்கம் கிளம்பினோம். காலையிலிருந்தே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒரு முனகல். "அப்பா, இது என்ன சவுண்டு?" என்று கயல் கேட்டாள். "அதுக்கும் வயசாகுதுல்லம்மா" என்றேன்.

அடுகோடி சிக்னலில் வலதுபக்கம் முழு வட்டமாகத் திருப்ப வேண்டியிருந்தது. பாதி திரும்பியிருப்பேன், முன்னால் எங்கோ டப் என்றது. அடுத்த நொடி ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வலது கையால் இழுக்கிறேன், ஓர் அங்குலம் வருகிறது, அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. ரோட்டின் குறுக்கே நிற்கிறோம். ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் தண்ணீர் லாரி, நடுவில் எறும்பு நுழைகிற இடத்தில் எல்லாம் ஸ்கூட்டர். எல்லாருடைய ஹாரனும் எங்கள் மேல்தான்.

"என்னப்பா ஆச்சி?"

"ஸ்டியரிங் வரலம்மா."

கயல் யோசிக்கவே இல்லை. பக்கவாட்டில் எட்டி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்க, நான் வலது கையால் அதே திசையில் தள்ள, நான் மெல்ல கிளட்சை விட, வண்டி அழுதுகொண்டே ஓரம் கட்டியது. நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் சிக்னலிலிருந்து நாங்கள் நின்ற இடம் வரைக்கும் ரோட்டில் சிவப்பாக எண்ணெய்க் கோடு. ஒரு பெரியவர் அதைத் தாண்டிப் போகாமல் நின்று, யாருக்காவது அடிபட்டதா என்று கன்னடத்தில் கேட்டார். வண்டிக்குத்தான் என்றேன்.

கயல் இரண்டு கையையும் உதறிவிட்டுக்கொண்டாள். "யப்பா, நானே ரெண்டு கையால இழுக்குறேன், அசைய மாட்டேங்குது. நீ எப்படித்தான் தனியா ட்ரை பண்ணியோ" என்றாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பழி முழுவதும் வண்டி மேல் விழுந்துவிட்டது. அந்தக் காரை அன்றைக்குக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன்.

5

பக்கத்துச் சந்திலேயே நயாஸ் பாயின் பட்டறை. நாலு பேராகத் தள்ளிக்கொண்டு போய் விட்டோம். நயாஸ் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். ஒரே வாக்கியத்தில் தமிழ், கன்னடம், உருது மூன்றுக்கும் இடம் கொடுப்பார். பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஹோஸ் பைப் காலி சார்" என்றார். "பம்ப்புலேர்ந்து ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போற பைப். ரப்பர் உப்பிக்கினு இருந்துச்சி, இந்த மூட்டுகிட்ட பட்டுனு போய்ச்சி. எண்ணெய் பூரா ரோட்ல. பாக்கி எல்லாம் செனாகிதே, பயப்படாதீங்க." செனாகிதே என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

இந்தப் பழைய வண்டிக்குப் பைப் எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஜே.சி. ரோட்டில் தேடிப் பார்க்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து பைப் வந்தாச்சு என்றார். போய்ப் பார்த்தால் அவர் கொண்டுவந்தது எண்ணெய் திரும்பி வருகிற பக்கத்துப் பைப். "அரே, ரெண்டும் ஒரே மூஞ்சி சார்" என்று தலையைச் சொறிந்தார். பழைய பைப்பைக் கையில் கொண்டுபோகாமல் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டி வாங்கியிருக்கிறார். மறுபடி காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பு நாட்களில் கயல் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். அவள் இருக்கும் வீட்டில் ஒரு கையை ஒளித்துவைப்பது சாமானிய வேலை இல்லை. அவள் எழுவதற்கு முன் சட்டை போட்டாக வேண்டும். பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறபோது அவள் பாத்ரூமில் இருக்க வேண்டும். பேப்பர் படிக்கிற சாக்கில் இடது கையை மடியில் போட்டுக்கொள்வேன். ஒருநாள் தேங்காய் உடைக்கச் சொன்னாள். அத்தை வீட்டில் சாவு, நான் தேங்காய் உடைக்கக் கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எந்த அத்தை?" என்று கேட்டாள். "ஒனக்குத் தெரியாது, செய்யாறு அத்தை" என்றேன். அவளுக்குச் செய்யாற்றில் பெரியப்பாவைத் தவிர யாரையும் தெரியாது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. அந்த வசதியை நினைத்து அப்புறம் சங்கடமாக இருந்தது.

தமிழ் பேசுவாள், நன்றாகவே பேசுவாள். படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பாடம் கன்னடம். கோடை லீவில் சொல்லித்தரலாம் என்று சரோஜா ஒவ்வொரு வருடமும் நோட்டு வாங்குவாள், ஒவ்வொரு வருடமும் அ, ஆ முடிவதற்குள் பள்ளி திறந்துவிடும். பெட்டி அடுக்கும்போது அவள் அம்மாவின் ஒரு புடவையை எடுத்து மடித்து, திரும்பவும் அலமாரியில் வைத்தாள். "அங்க ரொம்ப ஈரமாம்ப்பா, பூஞ்சை பிடிச்சிரும். இங்கயே இருக்கட்டும், ஒன்கூட" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ தனியா இருந்துப்ப இல்ல?" என்று கேட்டாள்.

"எனக்கு என்னம்மா? வண்டி வந்துட்டா நான் ராஜா."

"வண்டி வந்ததும் ஒரு ரவுண்டு போலாம்ப்பா. நீ ஓட்டு. அத பாத்துட்டுப் போனா எனக்கு நிம்மதி."

சரி என்றேன். அவள் போவதற்கு அந்த ஒரு சுற்றுதான் பாக்கி என்று எனக்கும் தோன்றியது.

6

சரியான பைப் கிடைத்த அன்று இரண்டு பேரும் போனோம். நயாஸ் பாய் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, கீழே படுத்துக்கொண்டு பழைய பைப்பைக் கழற்றினார். புதிய பைப்பை மாட்டி, மூட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கினார். டப்பாவில் சிவப்பு எண்ணெயை ஊற்றினார். வேலை முடிந்தது என்று எழுந்தேன்.

"எங்க சார் எழுந்துக்கிறீங்க? காத்து எடுக்க வேணாமா?" என்றார். பைப்பைக் கழற்றும்போது உள்ளே காற்று புகுந்துவிடுமாம். காற்றை எடுக்காமல் விட்டால் ஸ்டியரிங் முனகிக்கொண்டும் உதறிக்கொண்டும் இருக்குமாம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் நிறுத்தாமல் சுற்ற வேண்டும். இன்னொருவர் குமிழி வருவதைப் பார்த்துப் பார்த்து எண்ணெய் ஊற்ற வேண்டும். "இங்க நா ஒத்த ஆளு சார். எப்பவும் வண்டிக்காரங்களயேதான் உக்கார வெப்பேன். இஞ்சின் வேணாம், சாவி மட்டும் போடுங்க. சக்கரம் அந்தரத்துலதான இருக்கு, லேசா சுத்தும். சின்னப் புள்ள சுத்தலாம்."

சின்னப் பிள்ளை சுற்றலாம் என்று அவர் சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பானெட் தூக்கி நின்றது. முன்கண்ணாடி முழுக்க அந்தத் தகரம்தான். கயல் டீக்கடைப் பக்கம் போயிருந்தாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று உட்கார்ந்தேன்.

வலது கையால் இழுத்தேன், கால்வாசி வந்தது. விட்டுவிட்டு மேலே பிடித்து மறுபடி இழுத்தேன். விடுகிற நேரத்தில் ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பி வந்தது. ரோட்டில் நின்ற அன்றைப் போல் கல்லாக இல்லை. லேசாகத்தான் இருந்தது. அதனால் சாக்கும் இல்லை.

"சார், நிறுத்தாம சுத்துங்க. விட்டு விட்டு சுத்துனா காத்து உள்ளயே நிக்கிது" என்று பானெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து நயாஸ் பாய் கத்தினார்.

"சுத்துறேன், சுத்துறேன்."

"ரெண்டு கையும் போடுங்க சார். இட்லி சாப்டுற மாதிரி ஒத்தக் கையாலயா சுத்துவாங்க?"

இடது கையைத் தூக்கி ஸ்டியரிங் மேல் வைத்தேன். விரல்கள் வளைந்தன. வலது கையால் இழுத்ததும் அது வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அதை வலது கையால் தூக்கி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது இடது பக்கக் கண்ணாடிக்கு வெளியே கயல் நின்றிருந்தாள். கையில் எனக்காக வாங்கிய டீ. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியவில்லை.

"அப்பா, அந்தக் கையால பிடி" என்றாள்.

"பிடிச்சிக்கினுதான்மா இருக்கேன்."

"பிடிப்பா."

பிடிக்க முயற்சி செய்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கை மடியில் விழுந்தது. அவள் டீயைத் தரையில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து கதவைத் திறந்தாள்.

"எறங்குப்பா."

இறங்கினேன். அவள் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, இடது கடைசிக்கும் வலது கடைசிக்குமாகச் சுற்ற ஆரம்பித்தாள். நான் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன். டப்பாவில் சிவப்பு எண்ணெய் பொங்கிப் பொங்கிக் குமிழி விட்டது. நயாஸ் பாய் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "மேடம் சூப்பரா சுத்துறாங்க சார்! இப்பிடித்தான், இப்பிடித்தான்! காத்து எல்லாம் வந்துடிச்சி பாருங்க" என்றார். கயல் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். நிறுத்தக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார் அல்லவா.

குமிழி நின்றது. இஞ்சினைப் போட்டு இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. ஒரு விரலால் திருப்பலாம் போல ஆகியிருந்தது. வீட்டுக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு லைசென்ஸ் இருந்தது, பழக்கம் அதிகம் இல்லை. மர்பி டவுன் வருகிற வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

7

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "எப்பலேர்ந்து?"

"நீ புனேல இருக்கும்போதும்மா."

"பி.பி.ன்னு சொன்ன."

"பி.பி.யாலதான் அது வந்துச்சி."

"ஸ்ட்ரோக்கா?"

"சின்னது."

"யாருக்குத் தெரியும்?"

"ரத்னம்மாவுக்கு."

அந்த இடத்தில்தான் உடைந்தாள். "கீழ்வீட்டு ஆன்ட்டிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் யாருப்பா ஒனக்கு?" என்றாள். என்னையும் வைத்துக்கொண்டு அந்தக் கையோடு ஓட்டினாயே, யார் மேலாவது ஏற்றியிருந்தால் என்று கேட்டாள். என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். மடக்கியது மடக்கியபடி நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பைத் திறந்தாள்.

என்ன எழுதுகிறாள் என்று புரிந்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. கத்தினேன். போகாமல் இருந்தால் நான் உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்றேன். ஒன்றும் இல்லாத கைக்காக வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன். நீ இங்கே இருந்தால் நான் செய்யாறு போய் அண்ணன் வீட்டில் கிடப்பேன் என்றேன்.

"போ. பஸ்லதான் போகணும். ஒத்தக் கையால கம்பியப் பிடிச்சிக்கிட்டுப் போ" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுதி முடித்து அனுப்பிவிட்டாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். தோசைக்கல் சத்தம் கேட்டது. தட்டு வந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் அவளுடைய கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வருந்துகிறோம், அந்த இடத்துக்கு வேறு ஒருவரை அனுப்புகிறோம் என்று இரண்டே வரி. அதைப் படித்துக் காட்டிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் மொட்டை மாடிக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தேன். கை விஷயம், பைப், அயர்லாந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நன்றாகக் குத்துவான் என்று எதிர்பார்த்தேன். குத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் குத்தவில்லை.

"எவ்ளோ கத்தியும் கேக்கலண்ணா. நானே அவ கால்ல கட்டுன கட்டையாப் போய்ட்டேன்" என்றேன். பிறகு இத்தனை வருடத்தில் நான் கேட்டிராததைக் கேட்டேன். "நீ அபுதாபி போவலன்னு சொன்ன அன்னிக்கி அப்பா இன்னா சொன்னாரு?"

"அப்பாவா? அவரும் கத்துனாரு. வாய் கோணிக்கினு பேச்சே சரியா வராது அப்ப. அப்பவும் போடா, போடான்னு கத்துனாரு. கட்டில்ல அடிச்சிக்கினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அதுவரைக்கும் அம்மா ஊட்ட ஊட்டத் துப்பிக்கினு இருந்தவரு. அன்னிக்கி ராவு ஒழுங்கா துன்னாரு. இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டு வாங்கித் துன்னாரு. நா பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருந்தேன். பாத்துக்கினுதான் இருந்தேன்."

சரிண்ணா, வெச்சிடறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். நான் ராத்திரியில் இரண்டு தோசைக்கு மேல் சாப்பிடுகிறவன் இல்லை. சரோஜா போன பிறகு அந்த இரண்டும் பல நாள் இறங்கியதில்லை. முந்தின நாள் இரவு இரண்டும் தீர்ந்த தட்டைக் கயல் பார்த்து, போதுமா என்று கேட்டபோது, இன்னொண்ணு போடும்மா என்று நான் சொல்லியிருந்தேன்.